பழைய சின்னக் காரில் ஆட்டோமேட்டிக் கியர்: எதை நம்பலாம், எங்கே பார்க்க வேண்டும்

பழைய ஆட்டோமேட்டிக் கார் வாங்கலாமா என்று கேட்டால், ஒருவர் "தாராளமாக வாங்கு" என்பார். அடுத்தவர் "அந்தப் பக்கமே போகாதே" என்பார். இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். இருவரும் வேறு வேறு இயந்திரங்களை மனதில் வைத்துப் பேசுகிறார்கள், அவ்வளவுதான். கிளட்ச் பெடல் இல்லாத எல்லாவற்றையும் நாம் ஆட்டோமேட்டிக் என்கிறோம். சின்னக் கார்களை மட்டும் எடுத்துக்கொண்டாலே அந்தப் பெயருக்குள் நான்கு வகை கியர்பாக்ஸ்கள் ஒளிந்திருக்கின்றன: டார்க் கன்வெர்ட்டர், சி.வி.டி., ஏ.எம்.டி., இரட்டைக் கிளட்ச் (டி.சி.டி.). ஒன்றில் தேய்கிற பாகம் இன்னொன்றில் கிடையவே கிடையாது. அதனால் முதலில் கேட்க வேண்டியது "எத்தனை கிலோமீட்டர் ஓடியது" என்பதல்ல, "உள்ளே எந்தப் பெட்டி இருக்கிறது" என்பதுதான்.

சின்னக் காரில் இந்தக் கேள்விக்கு எடை அதிகம். வயது ஏற ஏறக் காரின் விலை சரிந்துகொண்டே வரும்; கியர்பாக்ஸ் பாகங்களின் விலை சரியாது. பத்து வயதான சின்னக் காருக்குப் புது கியர்பாக்ஸ் போட்டால், செலவு காரின் மதிப்பையே எட்டிவிடலாம். என்ஜினில் கோளாறு வந்தால் பெரும்பாலான மெக்கானிக்குகள் கை வைப்பார்கள். ஆட்டோமேட்டிக் பெட்டியைப் பிரித்துச் சேர்க்கத் தெரிந்தவர்கள் குறைவு; பலர் பெட்டியை முழுசாக மாற்றத்தான் சொல்வார்கள்.

எந்த வகை என்று கண்டுபிடிப்பது

காரின் பெயரை வைத்து முடிவு செய்யக் கூடாது. ஹோண்டா ஜாஸ் முதலில் சி.வி.டி.யோடு வந்தது. பிறகு ஐரோப்பாவில் சில ஆண்டுகள் ஐ-ஷிஃப்ட் என்ற ஏ.எம்.டி.யோடு விற்றது, அதன்பின் மறுபடி சி.வி.டி.க்குப் போனது. அதே கார் ஃபிட் என்ற பெயரில் அமெரிக்காவில் 5 கியர் டார்க் கன்வெர்ட்டர் பெட்டியோடு ஓடியது. ஆக, மாடல், தயாரிப்பு ஆண்டு, எந்த நாட்டுச் சந்தைக்காகச் செய்யப்பட்டது என்ற மூன்றையும் சேர்த்துத் தேட வேண்டும். காரோடு வரும் உரிமையாளர் கையேட்டில் எண்ணெய் அளவுகள் கொடுத்திருக்கும் பக்கத்தைப் புரட்டினாலே பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். அங்கே சி.வி.டி. ஃப்ளூயிட் என்று இருந்தால் அது சி.வி.டி., ஏ.டி.எஃப். (ஆட்டோமேட்டிக் பெட்டிக்கான எண்ணெய்) என்று இருந்தால் பெரும்பாலும் டார்க் கன்வெர்ட்டர், சாதாரண மேனுவல் கியர் ஆயில் என்று இருந்தால் பெரும்பாலும் ஏ.எம்.டி. கியர் நெம்புகோலும் ஒரு தடயம்: பல ஏ.எம்.டி. கார்களில் ‘பி’ என்ற நிறுத்த நிலையே இருக்காது. ஆர் (பின்னே), என் (நியூட்ரல்), டி (முன்னே) மட்டும்தான்.

டார்க் கன்வெர்ட்டர்: பழசு, ஆனால் பக்குவப்பட்டது

என்ஜினுக்கும் கியருக்கும் நடுவே உலோக இணைப்புக்குப் பதில் எண்ணெய். என்ஜின் பக்கச் சக்கரம் எண்ணெயைச் சுழற்றித் தள்ள, அந்த வேகத்தில் கியர் பக்கச் சக்கரம் சுற்றுகிறது. பின்னால் கோள் கியர்கள். அவற்றைப் பிடிக்கவும் விடவும் எண்ணெயில் ஊறிய கிளட்ச் தட்டுகள். புறப்படும்போது எண்ணெய்தான் வழுக்கிக் கொடுக்கிறது, தட்டுகள் தேய்வதில்லை. நெரிசலில் நாள் முழுக்க ஊர்ந்தாலும் இந்த வகை தாக்குப்பிடிக்கும் என்பதற்குக் காரணம் இதுதான்.

பழைய டொயோட்டா யாரிஸின் 4 கியர் பெட்டி இதற்கு நல்ல உதாரணம். நான்கே கியர், குறைந்த முறுக்குவிசை கொண்ட என்ஜின், சிக்கலில்லாத வால்வு அமைப்பு. நெடுஞ்சாலையில் சத்தம் கூடுதல், எரிபொருளும் கொஞ்சம் அதிகம் குடிக்கும். நவீனமில்லை என்று ஒதுக்குகிறார்கள். பழைய காராக வாங்கும்போது இந்தப் பழமையே பலம். 2014-ல் வந்த மாஸ்டா 2-இன் 6 கியர் பெட்டியும் இதே குடும்பம்தான்.

கெட்டுப்போவது எங்கே? முதலாவது, லாக்-அப் கிளட்ச். சீரான வேகத்தில் போகும்போது எண்ணெய் வழுக்கலைத் தவிர்க்க, கன்வெர்ட்டருக்குள் ஒரு சிறு கிளட்ச் இரு பக்கத்தையும் பூட்டும். எண்ணெய் பழசானால் அது ஒட்டியும் விட்டும் உதறும். இரண்டாவது, எண்ணெயை வேண்டிய இடத்துக்குத் திருப்பிவிடும் வால்வு பாடியும் அதிலுள்ள சொலினாய்டுகள் என்ற மின் வால்வுகளும். தேய்ந்த தூள் அங்கே அடைத்தால் கியர் விழுவது தாமதமாகும், அல்லது இடி போல விழும். இரண்டுமே ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் பெட்டியைப் பிரிக்காமல் சரிசெய்யக்கூடியவை.

சி.வி.டி.: எண்ணெய்தான் உயிர்

இதில் கியர்களே இல்லை. அகலம் மாறக்கூடிய இரண்டு கூம்புப் புல்லிகள், நடுவே ஓர் எஃகுப் பட்டை. புல்லி விரிந்து சுருங்கும்போது விகிதம் விட்டுவிடாமல் மாறுகிறது. டச்சு நிறுவனமான டாஃப் 1958-ல் ரப்பர் பட்டையோடு இதைத் தன் சின்னக் காரில் கொண்டுவந்தது. முன்னே போகும் அதே வேகத்தில் பின்னேயும் போகக்கூடிய கார் அது. அதை வைத்துப் பின்னோக்கிப் பந்தயமே நடத்தினார்கள். எஃகுப் பட்டைக்கு மாறியது 1980-களின் இறுதியில். சுபாரு ஜஸ்டி அந்த வரிசையில் முந்தியவற்றில் ஒன்று.

பட்டை புல்லியின் மேல் வழுக்காமல் இருக்க வேண்டும். அந்தப் பிடியைக் கொடுப்பது எண்ணெய் அழுத்தம். அழுத்தம் குறைந்தால் பட்டை ஒரு கணம் வழுக்கும்; வழுக்கிய இடத்தில் புல்லி முகத்தில் கீறல் விழும்; அந்தக் கீறலின் தூள் எண்ணெயில் கலந்து வால்வுகளுக்குப் போகும்; அழுத்தம் இன்னும் குறையும். டார்க் கன்வெர்ட்டர் பெட்டி நோய்வாய்ப்பட்டு மெதுவாகத் தேயும், சி.வி.டி. ஒருமுறை கீறல் கண்டால் பிறகு வேகமாகச் சரியும். ஆகவே சி.வி.டி.யில் "கொஞ்சம் உதறுது, ஆனா ஓடுது" என்ற காரை வாங்குவது சூதாட்டம்.

இதற்கு ஒரு வரலாறும் உண்டு. நிசான் 2009-ல் வட அமெரிக்காவில் 2003 முதல் 2010 வரையிலான தன் சி.வி.டி. கார்களுக்குக் கியர்பாக்ஸ் உத்தரவாதத்தை 10 ஆண்டு அல்லது 1,20,000 மைல் என்று நீட்டியது. தயாரிப்பாளரே உத்தரவாதத்தை நீட்டும் அளவுக்குப் புகார்கள் வந்தன என்பதே செய்தி. அதே ஆண்டில் ஜாட்கோ என்ற கியர்பாக்ஸ் நிறுவனம் சின்னக் கார்களுக்கென்றே இரண்டு வேகத் துணை கியரோடு கூடிய சிறிய சி.வி.டி.யைக் கொண்டுவந்தது. நிசான் மைக்ரா, சுசுகி ஸ்விஃப்ட், மிட்சுபிஷி மிராஜ் என்று பல பிராண்டுகளில் ஒரே பெட்டிதான். ஒரு பிராண்டைத் திட்டிவிட்டு அடுத்த பிராண்டுக்குப் போகும் முன் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் தலைமுறை ஜாஸில் வேறு ஒரு குறை: புறப்படும் கிளட்ச் உதறும். எண்ணெயை மாற்றி கிளட்சை மறுபடி அளவு சீர் செய்தால் பல கார்களில் அது அடங்கியிருக்கிறது.

வேகம் கூட்டும்போது என்ஜின் சத்தம் மட்டும் மேலேறி, கார் பின்னால் மெதுவாக வேகமெடுப்பது சி.வி.டி.யின் இயல்பு. முதல்முறை ஓட்டுபவர்கள் அதைப் பழுது என்று நினைக்கிறார்கள். பழுது என்பது வேறு: மிதியை ஒரே அளவில் வைத்திருக்கும்போது ஆர்.பி.எம். முள் (என்ஜின் சுழலும் வேகத்தைக் காட்டுவது) தானாகக் குதிப்பது, அல்லது கார் வேகத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும் ஊளைச் சத்தம். பின்னது புல்லித் தண்டின் பேரிங் போகிறது என்று சொல்கிறது.

ஏ.எம்.டி.: மேனுவல் பெட்டிக்கு இயந்திரக் கை

இது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்சை மிதிப்பதையும் கியரை மாற்றுவதையும் ஒரு கணினி செய்கிறது. 1998-ல் வந்த ஸ்மார்ட் கார் தொடங்கி எத்தனையோ சின்னக் கார்கள் இதைப் பயன்படுத்தின, காரணம் மலிவு. கியர் மாறும்போது ஒரு சிறு இடைவெளி, தலை லேசாக முன்னே ஆடும். அது பழுதல்ல, ஒற்றைக் கிளட்ச் விடுத்துப் பிடிக்கும் நேரம் அது.

ஓட்டுவதற்கு இனிமை குறைந்த இந்த வகையைத்தான் பழைய காராக வாங்குபவர் அதிகம் பயப்படாமல் வாங்கலாம். பெட்டி மேனுவல், ஆகவே உறுதி. தேய்வது கிளட்ச், அதை மாற்றுவது தெரிந்த வேலை. ஆனால் கிளட்ச் மாற்றியபின் அது பிடிக்கத் தொடங்கும் புள்ளியைக் கணினிக்கு ஸ்கேனர் மூலம் கற்றுக்கொடுக்க வேண்டும். சாதாரணக் கடையில் தட்டை மட்டும் மாற்றிவிட்டு இதை விட்டுவிட்டால், புதுக் கிளட்சோடு கார் குதித்துக் குதித்துப் புறப்படும். சில மாதத்தில் கிளட்ச் மறுபடி போகும். கிளட்ச் மாற்றிய ரசீதில் கேலிப்ரேஷன் என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொரு பலவீனம் அந்த இயந்திரக் கை, அதாவது ஆக்சுவேட்டர். எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் வகைகளில் ஒரு சிறு மின் பம்பும் அழுத்தத்தைச் சேமிக்கும் ஒரு குப்பியும் உண்டு. பல கார்களில் ஓட்டுநர் கதவைத் திறந்ததுமே பம்ப் சில நொடி ரீங்கரித்து நிற்கும். அது இயல்பு. சாவியைப் போட்டுவிட்டு, கியரைத் தொடாமல் காத்திருங்கள். சில நொடிக்கு ஒருமுறை பம்ப் மறுபடி மறுபடி ஓடினால் அழுத்தம் எங்கோ கசிகிறது.

இரட்டைக் கிளட்ச்: உலர்ந்ததா, நனைந்ததா

டி.சி.டி.யில் இரண்டு கிளட்ச். ஒன்று ஒற்றைப்படை கியர்களுக்கு, மற்றொன்று இரட்டைப்படைக்கு. அடுத்த கியர் முன்கூட்டியே தயாராக நிற்பதால் மாற்றம் சட்டென்று நடக்கும். ஓட்டுவதற்கு நான்கிலும் இதுதான் இன்பம். சின்னக் காரில் பழசாக வாங்குவதற்கு நான்கிலும் இதுதான் கவலை.

காரணம், சின்னக் கார்களில் வைத்தது பெரும்பாலும் உலர் கிளட்ச். எண்ணெயில் ஊறிய கிளட்ச் சூட்டை எண்ணெய்க்குக் கொடுத்துவிடும். உலர் கிளட்ச் சூட்டைத் தானே வைத்துக்கொள்ளும். நெரிசலில் ஊர்வதென்றால் கிளட்ச் அரைகுறையாகப் பிடித்தபடி வழுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். சின்னக் கார்கள் அதிகம் ஓடுவதோ நகர நெரிசலில்.

ஃபோர்டின் 6 வேக உலர் பவர்ஷிஃப்ட், ஃபியஸ்டாவிலும் ஃபோகஸிலும் வந்தது. தண்டு சீல் கசிந்து எண்ணெய் உலர் கிளட்ச் மேல் படிய, புறப்படும்போது கார் நடுங்கியது. கியர் கட்டுப்பாட்டுக் கணினியும் பல கார்களில் செயலிழந்தது. அமெரிக்காவில் கூட்டு வழக்கு நடந்தது. ஆஸ்திரேலியாவில், புகார் சொன்ன வாடிக்கையாளர்களை நடத்திய விதத்துக்காக நீதிமன்றம் 2018-ல் ஃபோர்டுக்கு 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. ஃபோக்ஸ்வாகனின் 7 வேக உலர் டி.எஸ்.ஜி. (இரட்டைக் கிளட்ச் பெட்டிக்கு அவர்கள் வைத்த பெயர்) 2008-ல் வந்தது, போலோ, ஃபேபியா, இபிசா போன்ற சின்னக் கார்களில் பரவலாக இருக்கிறது. செயற்கை எண்ணெய் காரணமாக மின்சுற்றில் கோளாறு வரலாம் என்று 2013-ல் உலகெங்கும் சுமார் 16 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்துக் கனிம எண்ணெய்க்கு மாற்றினார்கள். அதில் மெக்கட்ரானிக்ஸ் எனும் மூளைப் பகுதியே பலவீனமான இடம். அழுத்தக் குப்பி இருக்கும் பகுதியில் விரிசல் கண்டு எண்ணெய் அழுத்தம் போய்விடும். போனால் ஒற்றைப்படை கியர் மட்டும், அல்லது இரட்டைப்படை மட்டும் வேலை செய்வது போன்ற விசித்திரங்கள் நடக்கும்.

இப்படிப்பட்ட காரைப் பார்க்கும்போது, திரும்ப அழைப்பு வேலை நடந்ததா என்று காரின் அடிச்சட்ட எண்ணைக் கொடுத்து அந்த நிறுவனத்திடமே கேட்டுவிடலாம். பணம் கொடுக்காமல் கிடைக்கும் தகவல். ஏனோ பலர் கேட்பதில்லை.

நனைந்த கிளட்ச் டி.எஸ்.ஜி. வேறு கதை. அதன் 6 வேகப் பெட்டிக்கு 60,000 கி.மீ.க்கு ஒருமுறை எண்ணெய் மாற்ற வேண்டும் என்று தயாரிப்பாளரே சொல்கிறார். மாற்றிய ரசீது இருந்தால் பார்க்கலாம். இல்லையென்றால் அடுத்த கார்.

நடுவில் ஒரு வார்த்தை ஹைப்ரிட் பற்றி. டொயோட்டா யாரிஸ் ஹைப்ரிட் போன்றவற்றின் விளம்பரத்தில் இ-சி.வி.டி. என்றிருக்கும். பெயரில் மட்டும்தான் சி.வி.டி. உள்ளே பட்டையும் இல்லை, புல்லியும் இல்லை. ஒரு கோள் கியர் தொகுதியும் இரண்டு மின்மோட்டார்களும்தான். தேயக்கூடிய கிளட்ச் இல்லாததால், இங்கே சொன்ன எல்லாவற்றையும்விட அது நீடித்து உழைக்கிறது. கவலைப்பட வேண்டியது அதன் பேட்டரியைப் பற்றி. எல்லா ஹைப்ரிடும் அப்படி என்று நினைத்துவிடாதீர்கள்: ஹோண்டா 2013-ல் ஃபிட் ஹைப்ரிடில் வைத்தது இரட்டைக் கிளட்ச் பெட்டி, அந்தக் கார் வெளிவந்த ஓராண்டு அளவிலேயே பலமுறை திரும்ப அழைக்கப்பட்டது.

"ஆயுளுக்கும் ஒரே எண்ணெய்" என்ற பேச்சு

விற்பவர் சொல்லும் வாக்கியங்களில் அதிகம் ஆபத்தானது இது. பல கையேடுகளும் அப்படித்தான் எழுதியிருக்கின்றன. யாருடைய ஆயுள் என்று அவை சொல்வதில்லை. உத்தரவாதக் காலம் தாண்டிய காரை வாங்குபவருக்கு அந்த வாக்குறுதியால் பயனில்லை. பெரிய கியர்பாக்ஸ் தயாரிப்பாளரான இசட்.எஃப்., தன் ஆட்டோமேட்டிக் பெட்டிகளுக்கு ஓட்டும் விதத்தைப் பொறுத்து 80,000 முதல் 1,20,000 கி.மீ. அல்லது 8 ஆண்டுக்குள் எண்ணெய் மாற்றச் சொல்கிறது. சி.வி.டி.க்கு, அதிலும் நகரத்திலும் வெயிலிலும் ஓடுவதற்கு, 40,000 முதல் 60,000 கி.மீ. என்பது நியாயமான இடைவெளி. எண்ணெய் சூட்டில்தான் கெடுகிறது. வெப்பம் பத்து டிகிரி கூடினால் அது கெடும் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும்.

அளவுகோல் குச்சி உள்ள காரில் எண்ணெயை வெள்ளைக் காகிதத்தில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். சிவப்பு, இளம் பழுப்பு என்றால் சரி. கருத்து, தீய்ந்த வாசம் அடித்தால் உள்ளே கிளட்ச் தட்டு எரிந்திருக்கிறது. விரலில் தேய்க்கும்போது மினுமினுக்கும் தூள் தட்டுப்பட்டால் உலோகம் தேய்கிறது. இளஞ்சிவப்பாகப் பால் கலந்தது போல இருந்தால் ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் கூலர் உடைந்து குளிர்நீர் கலந்திருக்கிறது. தட்டுகளின் காகித உராய்பொருளை ஒட்டியிருக்கும் பசையை அது கரைத்துவிடும். அந்தக் காரை இலவசமாகக் கொடுத்தாலும் யோசிக்க வேண்டும்.

மட்டம் பார்ப்பதற்கு ஒவ்வொரு பெட்டிக்கும் தனி முறை. பெரும்பாலானவற்றில் என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது, எண்ணெய் குறிப்பிட்ட வெப்பத்தில் இருக்கும்போது பார்க்க வேண்டும். பல ஹோண்டாக்களில் என்ஜின் சூடானபின் நிறுத்திவிட்டு, ஒன்றரை நிமிடத்துக்குள் பார்க்க வேண்டும். இப்போது வரும் பல பெட்டிகளில் குச்சியே இல்லை. காரைத் தூக்கி அடியிலிருக்கும் ஆணியைக் கழற்றித்தான் பார்க்க முடியும். அது மெக்கானிக் வேலை.

எண்ணெய் வகையில் சமரசம் கிடையாது. டொயோட்டா டபிள்யூ.எஸ்., ஹோண்டா எச்.சி.எஃப்.-2, நிசான் என்.எஸ்.-3 என்று ஒவ்வொன்றும் வேறு உராய்வுத் தன்மைக்காகச் செய்தவை. சி.வி.டி.யில் சாதாரண ஏ.டி.எஃப். ஊற்றினால் பட்டை வழுக்கும். ரசீதில் "கியர் ஆயில் மாற்றியது" என்று மட்டும் இருந்தால் எந்த எண்ணெய் என்று கேளுங்கள்.

ஓட்டிப் பார்ப்பது

போகும் முன்பே விற்பவரிடம் சொல்லிவிடுங்கள்: நான் வரும்வரை காரை ஸ்டார்ட் செய்யாதீர்கள். போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்க விரும்பியிருக்கலாம். குளிர்ந்த பெட்டியில் ரப்பர் சீல்கள் விறைத்திருக்கும், கியர் பிடிக்கத் தாமதமாகும். சூடான பெட்டியில் எண்ணெய் நீர்த்துப்போய் அழுத்தம் குறையும், வழுக்கல் வெளிப்படும். ஒன்றில் தெரிவது மற்றொன்றில் தெரியாது. அதனால் இரண்டு நிலையிலும் பார்க்க வேண்டும், அதற்கு அரை மணி நேரமாவது ஓட்ட வேண்டும். என்ஜின் வெப்ப முள் நடுவுக்கு வந்துவிட்டது என்பதற்காகக் கியர்பாக்ஸும் சூடாகிவிட்டது என்று பொருளல்ல. அது பின்தங்கித்தான் வரும்.

முதலில் பிரேக்கை மிதித்தபடி ‘என்’-லிருந்து ‘டி’, பிறகு ‘ஆர்’. கார் லேசாக இழுப்பது ஒரு நொடிக்குள் தெரிய வேண்டும். இரண்டு நொடி ஆனால் அழுத்தம் குறைவு அல்லது எண்ணெய் மட்டம் குறைவு. ‘டங்’ என்று அடித்தால் என்ஜின் மவுண்ட் உடைந்திருக்கலாம், அழுத்தம் கட்டுப்பாடின்றி இருக்கலாம். பிரேக்கை விட்டால் டார்க் கன்வெர்ட்டரும் சி.வி.டி.யும் தானாக ஊரும். ஏ.எம்.டி.களில் சில ஊரும், சில ஊராது, இரண்டுமே இயல்பு.

பின்பு மிதியை லேசாக வைத்து 60 வரை போங்கள். ஒவ்வொரு மாற்றத்திலும் ஆர்.பி.எம். முள் சட்டென்று கீழே இறங்க வேண்டும். இறங்குவதற்கு முன் ஒரு முறை மேலே துள்ளினால், பழைய கியர் விட்டுவிட்டது, புதியது இன்னும் பிடிக்கவில்லை என்று அர்த்தம். அந்தத் துள்ளல்தான் வழுக்கல். ஓட்டிப் பார்க்கும்போது தவறவிடக் கூடாத ஒரே அடையாளம் என்றால் இதைத்தான் சொல்ல வேண்டும். பிறகு 40-ல் போகும்போது மிதியை அடிவரை அழுத்துங்கள். சில நொடிக்குள் கியர் இறங்கி இழுக்க வேண்டும்.

டார்க் கன்வெர்ட்டர் காரில் 60 முதல் 80 வரை சமவேகத்தில், மிதியில் பாதத்தை இலேசாக வைத்துப் போங்கள். குறுக்குக் கோடு போட்ட சாலையில் ஏறியது போல மெல்லிய அதிர்வு வந்தால், மிதியை விடாமல் இடது காலால் பிரேக்கை மயிரிழை தொடுங்கள். பின்னால் வண்டி இல்லாத வெற்றுச் சாலையில் மட்டும். பிரேக் விளக்கு எரிந்ததும் கணினி லாக்-அப் கிளட்சை விட்டுவிடும். அதிர்வு அக்கணமே நின்றால் குற்றவாளி லாக்-அப். எண்ணெய் மாற்றினால் குணமாக வாய்ப்புண்டு. நிற்காவிட்டால் வேறு இடத்தில் தேட வேண்டும்.

ஏ.எம்.டி.யையும் டி.சி.டி.யையும் சோதிக்க வேண்டிய இடம் ஏற்றமும் நெரிசலும். பத்து பதினைந்து நிமிடம் நின்று நின்று நகருங்கள். சூடான உலர் கிளட்ச் முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும்தான் நடுங்கும். ஏற்றத்தில் நிறுத்திப் புறப்படும்போது எரிந்த வாசம் வந்தால் கிளட்ச் முடியும் தறுவாயில் இருக்கிறது. சி.வி.டி.யானால் ஒரு சிறு ஏற்றத்தில் பின்னோக்கி ஏற்றிப் பாருங்கள். முன்னே நன்றாக ஓடும் கார் பின்னே ஏறத் தயங்கினால், அழுத்தம் போதவில்லை.

கடைசியாக, சரிவில் நிறுத்தி ‘பி’ போட்டு பிரேக்கை மெதுவாக விடுங்கள். சில சென்டிமீட்டர் நகர்ந்து நிற்பது சரி. ‘கடகட’வென்று பல்லில் வழுக்கினால் நிறுத்தும் கொக்கி தேய்ந்திருக்கிறது. பிறகு பத்து நிமிடம் என்ஜினை ஓடவிட்டு, எண்ணெய் கசிகிறதா என்று அடியில் எட்டிப் பாருங்கள்.

கியர்பாக்ஸ் போலவே நடிக்கும் வேறு கோளாறுகள்

இங்கே பேரம் பேசத் தெரிந்தவருக்கு இலாபம் இருக்கிறது. பயந்துபோய் மற்றவர்கள் விட்டுச்செல்லும் கார் சில சமயம் ஸ்பார்க் பிளக் மாற்றினாலே சரியாகிவிடும். ஒரு சிலிண்டரில் பற்றவைப்பு தவறினால் வரும் குலுக்கல், லாக்-அப் உதறலைப் போலவே இருக்கும். ஆனால் ஏற்றத்தில் மிதியை அழுத்தும்போது இன்னும் மோசமாகும், பிரேக்கைத் தொட்டாலும் நிற்காது. சக்கர பேரிங் போனால் வரும் ரீங்காரத்தை சி.வி.டி. பேரிங் என்று நினைப்பார்கள். ஸ்டீயரிங்கை இடமும் வலமும் மெல்ல வளைத்தால் சத்தம் கூடிக் குறைந்தால் அது சக்கரம்தான். திரும்பும்போது ‘கடக் கடக்’ என்றால் அச்சு மூட்டு. பலவீனமான 12 வோல்ட் பேட்டரி மட்டுமே ஏ.எம்.டி.யையும் டி.சி.டி.யையும் பைத்தியமாக்கிவிடும்: கியர் விழாது, எச்சரிக்கை விளக்கு எரியும், பேட்டரி மாற்றினால் எல்லாம் அடங்கும்.

ஊகத்தைக் குறைப்பது ஸ்கேனர். மலிவான ரீடர்கள் என்ஜின் கணினியோடு மட்டும்தான் பேசும். அதில் பி0700 என்று வந்தால் "கியர் கணினியில் ஏதோ பதிவாகியிருக்கிறது, போய்ப் பார்" என்பது மட்டுமே செய்தி. கியர் கணினியையே படிக்கும் ஸ்கேனர் உள்ள மெக்கானிக்கை அழைத்துப் போங்கள். பி0741 லாக்-அப் கிளட்ச் சரியாகப் பூட்டவில்லை என்கிறது, பி0730 கியர் விகிதம் தவறு என்கிறது, பி0776 அழுத்தக் கட்டுப்பாட்டு சொலினாய்டைக் காட்டுகிறது, கடைசியது சி.வி.டி.யில் வந்தால் நல்ல சகுனமல்ல. சில ஏ.எம்.டி.களில் கிளட்ச் தேய்மானத்தைச் சதவீதமாகவே படிக்கலாம்.

எந்தக் குறியீடும் இல்லாமல் சுத்தமாக இருந்தாலும் ஒன்றைப் பார்க்கச் சொல்லுங்கள்: என்ஜின் கணினியின் சுய பரிசோதனைகள் முடிந்திருக்கின்றனவா? பல பரிசோதனைகள் ‘முடியவில்லை’ என்று இருந்தால், சமீபத்தில் யாரோ குறியீடுகளை அழித்திருக்கிறார்கள் அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். பேட்டரி மாற்றியதாகச் சொன்னால் ரசீதைக் கேளுங்கள். இல்லையென்றால் இரண்டு நாள் ஓட்டியபின் மறுபடி ஸ்கேன் செய்ய அனுமதி கேளுங்கள். அதற்கு வரும் பதிலே பாதி விவரத்தைச் சொல்லிவிடும்.

வாங்கியபின்

எண்ணெய் மாற்றிய சான்று இல்லாத, ஆனால் நன்றாக ஓடும் காரை வாங்கினால், முதல் வேலை எண்ணெய். 4 கியர் சின்னப் பெட்டி ஏறத்தாழ 6 லிட்டர் பிடிக்கும். வடிகால் ஆணியைத் திறந்தால் 3 லிட்டர்தான் வரும், மீதி கன்வெர்ட்டருக்குள் தங்கிவிடும். ஒருமுறை மாற்றினால் பாதி புதிது, இரண்டாம் முறை முக்கால், மூன்றாம் முறை எட்டில் ஏழு. ஆயிரம் கிலோமீட்டர் இடைவெளியில் மூன்று முறை இப்படிச் செய்வது, இயந்திரம் வைத்து அழுத்தத்தில் அலசுவதைவிடப் பழைய பெட்டிக்குப் பாதுகாப்பு. அலசும்போது படிந்திருந்த தூள் கிளம்பி வால்வுகளை அடைத்த கதைகள் உண்டு. வடித்த எண்ணெயை ஊற்றிவிடாமல் அளந்து, வந்த அளவையே புதிதாக ஊற்றி, பிறகு உரிய வெப்பத்தில் மட்டம் சரிபாருங்கள். வடிகால் ஆணியின் காந்தத்தில் மாவு போலச் சாம்பல் நிறக் குழம்பு இருந்தால் இயல்பான தேய்மானம். விரலில் குத்தும் சில்லுகள் இருந்தால், ஆணியை மாட்டும் முன் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

வழியில் நின்றுபோனால் முன்சக்கர இயக்கமுள்ள ஆட்டோமேட்டிக் காரைக் கயிறு கட்டி இழுக்க விடாதீர்கள். என்ஜின் ஓடாதபோது எண்ணெய் பம்பும் ஓடாது. சக்கரம் மட்டும் சுற்ற, உள்ளே எல்லாம் எண்ணெயின்றி உராயும். தட்டு லாரி, அல்லது முன்சக்கரங்களைத் தூக்கி இழுக்கும் வண்டி.